பழைய சாஃப்ட்வேரில் அடித்த முதல் வரி

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"கம்ப்யூட்டர் செத்ததுலேர்ந்து நேத்து வரைக்கும் உங்க அண்ணன் ஒரு வார்த்தை பேசலை," என்றார் மூத்தவர்.

"தொண்டை ஆபரேஷனுக்கு அப்புறம் டைப் அடிச்சுத்தானே பேசுறாரு. புதுசு வாங்கினீங்களே, அண்ணி?"

"அதுல அவரோட பழைய தமிழ் சாஃப்ட்வேர் ஓடலை. வேற கீபோர்டு அவர் விரலுக்குப் பழக்கமில்லை. கை நடுங்குது, பேனாவும் பிடிக்க முடியாது. நேத்துதான் கடைக்காரர் எப்படியோ ஓட வெச்சாரு."

"முதல்ல என்ன அடிச்சாரு?"

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது.

"'இத்தனை நாளா நான் வயித்தைத் தொட்டுக் காட்டினது பசியால இல்ல, வலியால. நீ ஊட்டிக்கிட்டே இருந்தே'ன்னு அடிச்சாரு."