தண்ணிக்குள்ள அம்மன்

— இடுப்பு புடிச்சிக்கிச்சுன்னு சொல்லிட்டுப் படுத்துக்குங்க. நாளைக்கி அம்மன வேற யாராச்சும் ஆத்துலேருந்து தூக்கிப் பீடத்துல வைக்கட்டும்.

— யாரு விடுவா, சந்திரமதி? அம்மன் தங்கராஜு கையிக்குத்தான் வருவான்னு தோட்டமே நம்புது. கேளு புள்ள, காலையில பெரட்டுல பேரு கூப்புடுறதுக்கு முன்னாடி ஆத்துக்குப் போனேன்.

— எதுக்கு?

— தூக்கிப் பாக்க. தண்ணிக்குள்ள இருக்கிற வரைக்கும் அன்னிக்கி மாதிரியே லேசா எழும்புனா. தல வெளிய வந்திச்சு, கொஞ்சம் கனம். தோளு வந்திச்சு, இன்னும் கனம். இடுப்பு வர்றதுக்குள்ள என் கையி ரெண்டும் வெடவெடன்னு ஆடிப்போச்சு. திரும்ப உள்ளயே விட்டுட்டேன்.

— யாரும் பாக்கலியே?

— பாத்தா என்னா, பாக்காட்டி என்னா. அவ என்னையத் தேடி வரல புள்ள. தண்ணி தாங்குச்சு, அவ்வளவுதான். ஜலவாசம்னு செலய ஆத்துத் தண்ணிக்குள்ள எறக்கி வச்ச அன்னிக்கி, உள்ளயே தூக்கிப் பாத்துட்டு நான்தான் மடையனாட்டம் ‘அம்மா எனக்குப் பூவா வந்துட்டா’ன்னு கத்தினேன்.

— நீங்க பொய்யாக் கத்தல. நெசமாத்தான் நெனச்சீங்க.

— பாவம் ஐயாசாமி அண்ணன். லாயாங் லாயாங் ரயிலு ஸ்டேஷன்ல செலய எறக்கயில அவரால அசைக்க முடியல. கட்டாந்தரையில எவனால முடியும்? அம்மன் அவர ஒதுக்கிட்டான்னு பூசாரி வேலையப் புடுங்கி எனக்குக் குடுத்தாங்க. இப்ப அவரு மக செல்வராணி கல்யாணமும் நின்னுபோச்சு. அம்மன் ஒதுக்கின வீட்டுல பொண்ணெடுக்க மாட்டோம்னு குளுவாங் மாப்பிள்ள வீட்டுக்காரங்க சொல்லிட்டாங்க.

— தெரியும் லா.

— நேத்து அந்தப் பொண்ணு என்னையக் கண்டதும் எந்திரிச்சுக் கும்பிடுது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு.

— உண்மையச் சொல்லிட்டா பழைய பேருதான் வரும். நோஞ்சான் தங்கராஜு, நோஞ்சான் பொண்டாட்டி. இப்பத்தான் குழாயடியில எனக்கு வழி விடுறாங்க.

— அந்த மரியாத எனக்கும் இனிச்சுது புள்ள. அதனாலதான் இத்தன நாளு போயித் தூக்கிப் பாக்கல. வெக்கமா இருக்கு.

— ம்.

— ஏன் புள்ள, நான் சொன்னது எதுவும் ஒனக்கு ஆச்சரியமாவே இல்லியே?

— தெனம் ஆத்துல ரப்பர் ஒட்டுப்பால் அள்ளுற சாக்கு அலசுறவ நான். தண்ணிக்குள்ள பஞ்சாட்டம் வரும். கரைக்கு இழுத்தா முதுகு ஒடியும்.

— அப்ப அன்னிக்கே...

— சட்டையப் போடுங்க. ஐயாசாமி அண்ணன் வீட்டுக்கு நானும் வர்றேன்.

— நீ எதுக்கு? தப்பு என்னோடது.

— கரையில நின்ன அத்தன பேருல, மொதல்ல ஓடியாந்து உங்க காலுல விழுந்தது யாருங்க? என்னையப் பாத்துத்தானே மத்தவங்க விழுந்தாங்க.