இடைவேளைக்குப் பிறகு

பெரிய மார்க்கெட்டிலிருந்து கோரிமேடு ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். மடியில் கீரைக்கட்டு வைத்திருந்த பெரியவள், தெரிந்தவள் போலிருக்கிறது, பக்கத்திலிருந்த மூக்குத்திக்காரியிடம் நேற்றுப் பார்த்த படம் எப்படி என்று கேட்டாள்.

"எப்பப் பாரு மழை, இருட்டு, ஒரே வீட்டுல ஒரே ஒரு ஆளுதான்க்கா. மொதல் பாதி நல்லாத்தான் இருந்துச்சி. அப்புறம் எது நெசம், எது அவன் நெனப்புன்னே புரியல. அங்கதான் எங்க வீட்டுக்காரர் அழுதாரு."

"புரியாத எடத்துலயா?"

"ஆமாக்கா. எழுந்து போலாம்னேன். கையைப் புடிச்சி, 'இரு, எனக்கு தெனமும் இப்பிடித்தான் இருக்குது'ன்னாரு. வீட்டுல வாயே தொறக்காத மனுஷன்."

அதே படத்தை நானும் பார்த்திருந்தேன். சரியாக அந்த இடத்தில்தான் எரிச்சலோடு எழுந்து வெளியே வந்தேன்.

"அதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறியா?"

"பின்னாடி ஆம்பளைங்க சீட்டுல உக்காந்திருக்காரு. திரும்பிப் பாக்காதக்கா."

கீரைக்காரி திரும்பவில்லை. நானும்தான்.

"டாக்டர்கிட்ட என்னன்னு சொல்லுவ?"

"எனக்கு என்ன சொல்லத் தெரியும்? அந்தப் படம் பாத்தீங்களான்னு கேப்பேன். பாத்திருந்தார்னா, ரெண்டாவது பாதி மாதிரி இருக்குதாம் சார்னு சொல்லிடுவேன்."