முயலுக்கு ஒரு ஜோடி

முயலைக் குளிப்பாட்டக் கூடாது. பலருக்கு இது தெரிவதில்லை. வாளித் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டு, மறுநாள் அது செத்துக் கிடந்தால் கண் பட்டுவிட்டது என்கிறார்கள். எங்கள் வீட்டு முயல் நான்கு வருடமாக நன்றாக இருக்கிறது என்றால் அதை முறையாக வளர்த்ததுதான் காரணம்.

இன்ஸ்பெக்டர் அவர்களே, முயலைப் பற்றி இங்கே யார் கேட்டது என்று நினைப்பீர்கள். நடந்ததை முதலிலிருந்து எழுது என்று காகிதம் கொடுத்தீர்கள். எனக்கு முதல் அதுதான். தமிழில் எழுதினால் மலாயில் மாற்றிக்கொள்வோம் என்றீர்கள், அதனால் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுகிறேன்.

என் பெயர் முருகையா. வயது நாற்பத்திரண்டு. அசாம் ஜாவாவுக்கு உள்ளே இருக்கும் செம்பனைத் தோட்டத்தில் பதினெட்டு வருடமாக டிரெசர். டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் தோட்டத்து ஆஸ்பத்திரி என் பொறுப்பு. லயத்து ஜனங்கள் வரிசையில் நின்று கையை நீட்டுவார்கள். நான் மாத்திரையைக் கொட்டுவேன். என் கண்ணெதிரிலேயே விழுங்கவேண்டும். என்ன மாத்திரை என்று இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

நல்லம்மாள் என் தங்கை. அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போய்விட்டபோது அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்தைந்து. அவளுக்காக நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இதை நான் சொல்லவேண்டியதில்லை, தோட்டமே சொல்லும். மாரியம்மன் திருவிழாவில் எனக்கு மாலை போட்டு, "இப்படி ஒரு அண்ணன் கெடைக்க அந்தப் புள்ள கொடுத்து வெச்சிருக்கணும்" என்று கோயில் தலைவர் மைக்கில் பேசினார். நல்லம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள்.

அவளுக்கு வலிப்பு நோய். அதனால் வரன் அமையவில்லை. இதுவும் ஊரறிந்தது.

மூன்றாவது வரன் தட்டிப்போன வாரம் தஞ்சோங் காராங் சந்தையிலிருந்து ஒரு முயல் வாங்கிக் கொடுத்தேன். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் வீட்டில் அவளுக்குப் பேச்சுத்துணை வேண்டுமே. அவள் அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. "ஏய்" என்றால் ஓடிவந்து காலைச் சுற்றும். புல் மட்டும் நான்தான் அறுத்து வருவேன். வலிப்புக்காரியை வாய்க்கால் பக்கம் விடமுடியுமா?

ஒரு மாதம் ஆகியிருக்கும். "ஒத்தையா கெடக்குதுண்ணே. ஒரு ஜோடி வாங்கி விடலாமா?" என்று கேட்டாள்.

"யோசிச்சுச் சொல்றேம்மா" என்றேன்.

நிஜமாகவே யோசித்தேன். ஒற்றை முயல்தான் மனிதரிடம் ஒட்டும். இரண்டு இருந்தால் ஒன்றையொன்று நக்கிக்கொண்டு மூலையில் கிடக்கும். புல் போடுகிறவன் வெறும் வேலைக்காரன். எத்தனை வருடம் வளர்த்தான் என்றெல்லாம் அவை நினைத்துப் பார்க்காது. நல்லம்மாள் அவ்வப்போது கேட்பாள், நான் யோசிப்பதாகச் சொல்வேன். இப்படியே நான்கு வருடம் ஓடியது.

இந்த ஜனவரியில் தமிழ்ப்பள்ளிக்குச் சிவானந்தம் என்று ஒரு வாத்தியார் மாற்றலாகி வந்தார். இருமலுக்கு மருந்து கேட்டு என் வீட்டு வாசலுக்கு வந்தவர், முயல் கூண்டருகே நின்று நல்லம்மாளோடு அரைமணி நேரம் பேசினார். அடுத்த மாதம் இருமல் இல்லாமலே வந்தார். பெண் கேட்டார்.

"அவளுக்கு வலிப்பு இருக்கு. தெரியுமா தம்பி?"

"தெரியும் சார். அதுக்கென்ன லா, மருந்து இருக்குல்ல. கிள்ளான்ல பெரிய டாக்டரு ஒருத்தர் இருக்காரு. நான் கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்."

எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. பயம்தான், மறைப்பானேன். முந்தின மூன்று வரன்களும் காதும் காதும் வைத்தாற்போல் ஒதுங்கிக்கொண்டவர்கள். இவர் டாக்டர் என்கிறார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நல்லம்மாளுக்கு வலிப்பு வந்தது நான்கு வயதில், காய்ச்சலில், ஒரே ஒரு முறை. எத்தனையோ பிள்ளைகளுக்கு வருவதுதான். அதன்பின் பத்தொன்பது வயதுவரை ஒன்றுமில்லை. அந்த வயதில் முதல் வரன் வந்தது, அவளுக்கு வலிப்பு என்று சொல்லியே அதைத் திருப்பி அனுப்பினேன். அன்றுதான் வலிப்புக்காரர் பதிவேட்டில் அவள் பெயரை எழுதினேன், தினமும் காலையில் வலிப்பு மாத்திரை கொடுக்க ஆரம்பித்தேன். கையை நீட்டுவாள், கொட்டுவேன், விழுங்குவாள். கொஞ்சம் தூக்கம் வரும், அவ்வளவுதான். ஆனால் வருடக்கணக்கில் அதற்குப் பழகிய உடம்பில் திடீரென்று நிறுத்தினால், இல்லாத வலிப்பும் வரும். டிரெசர் படிப்பில் எச்சரித்துச் சொல்லிக்கொடுப்பார்கள்.

அடுத்தடுத்து பெண் பார்க்க வருகிறார்கள் என்றால், சில நாள் முன்பே அதே போன்ற வெள்ளைச் சத்து மாத்திரைக்கு மாற்றிவிடுவேன். வந்தவர்கள் முன்னால் அவள் விழுவாள். தலையை என் மடியில் ஏந்தி, ஒருக்களித்துப் படுக்கவைப்பேன். ஒருமுறைகூட அடிபட விட்டதில்லை. கண் திறந்ததும் "என்னால ஒனக்குத்தான்ணே கஷ்டம்" என்று அழுவாள். எனக்கும் அழுகை வரும். அது நடிப்பில்லை.

வாத்தியார் விஷயத்தில் முதலில் முயலைக்கொண்டுதான் புரியவைக்கப் பார்த்தேன். ஜோடிக்கு ஒரு முயல் கொண்டுவரவா, எது வேண்டும் என்று அவர் கேட்டார். முயலில் ஆண் பெண் பார்ப்பது எல்லோருக்கும் வராது, எனக்கு வரும். எங்களுடையது ஆண். "இது பெட்டை, நல்லா வளர்ந்த ஆணாப் பார்த்துக் கொண்டாங்க" என்றேன். அழகான வெள்ளை முயல் ஒன்றைக் கூடையில் வைத்து மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தார். நானே இரண்டையும் ஒரே கூண்டில் விட்டேன். நல்லம்மாள் துணி துவைத்து முடித்து வருவதற்குள் வெள்ளையன் வயிறு கிழிந்து கிடந்தான். ஒன்பது தையல் போட்டேன். மூன்றாம் நாள் செத்துவிட்டது.

"பார்த்தியாம்மா? ஒத்தையாப் பழகினதுக்குத் துணை ஒத்துக்காது" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவசரப்பட்டு ஒண்ணா விட்டுட்டோம்ணே. பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பழக்கியிருக்கணும்" என்றாள். பிறகு மெதுவாக, "சார் வீட்டுல ஞாயித்துக்கெழம பொண்ணு பார்க்க வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். இருபத்தாறு வருடத்தில் அவளாக என்னிடம் கேட்ட பெரிய விஷயம் அது ஒன்றுதான். வரச்சொல் என்றேன்.

புதன்கிழமை மாத்திரையை மாற்றினேன். நான் போட்ட கணக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, பக்கத்து லயத்துக் காளியம்மா ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள். நல்லம்மாள் பெரிய வாய்க்காலில் குப்புறக் கிடந்தாள். தண்ணீர் முழங்கால் அளவுகூட இல்லை. கரையில் அரிவாளும் ஒரு கட்டுப் புல்லும் இருந்தன. பதினெட்டு வருட டிரெசர், நாடி பார்க்க மறந்து நின்றேன்.

புல் அறுக்க அவள் ஏன் போனாள் என்பது பிறகுதான் தெரிந்தது. வாத்தியார் எங்கள் முயலைத் தூக்கிப் பார்த்து, இது ஆணாச்சே என்றிருக்கிறார். நல்லம்மாள் அதை என்னிடம் சொல்லவில்லை. அண்ணன் தவறிச் சொல்லிவிட்டதாக நினைத்திருப்பாள். ஒரு பெட்டைக் குட்டியை வாங்கிக் காளியம்மா வீட்டில் வைத்திருக்கிறாள். நான் வேலைக்குப் போனதும் அதைக் கொண்டுவந்து, கூண்டோடு கூண்டு ஒட்டிவைத்துத் தினமும் பழக்கியிருக்கிறாள். இரண்டு முயலுக்கு நான் அறுத்துப்போடும் புல் எப்படிப் போதும்?

அன்று என்ன கொடுத்தாய், எவ்வளவு கொடுத்தாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். நான் ஒன்றும் கொடுக்கவில்லை என்றபோது பொய் சொல்கிறான் என்று மேஜையைத் தட்டினீர்கள். அது பொய்யில்லை. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் வெறும் சத்து மாத்திரைதான் கொடுத்தேன். அப்படி நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் நிறுத்தினேன். இது மூன்றாவது முறை. வாய்க்காலில் விழவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வீட்டில், என் மடியில்தான் விழுந்திருக்கவேண்டும். என்னைக் கேட்காமல் இரண்டாவது முயலை வாங்கியிராவிட்டால் அவள் இன்று உயிரோடு இருப்பாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது இரண்டையும் ஒரே கூண்டில் விட்டிருப்பதாகவும், ஒன்றன்மேல் ஒன்று தலைவைத்துத் தூங்குவதாகவும் என்னைப் பார்க்க இங்கே வந்த காளியம்மா சொன்னாள். அவளுக்கு என்ன தெரியும்? தயவுசெய்து யாரையாவது அனுப்பி எங்கள் முயலைத் தனியாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் நான் திரும்பி வரும்போது அது என்னிடம் வராது.