ரப்பர் பேண்டு வரைக்கும்

ஷாம்பு பாட்டில் தீர்ந்துவிட்டது என்று மற்றவர்கள் தூக்கிப் போடும்போது, அதற்குள் இன்னும் நாலு பேர் தலைக்குக் குளிக்க இருக்கிறது. கொஞ்சம் வெந்நீர் ஊற்றி, மூடியை இறுகத் திருகி, தலைகீழாக வைத்துவிட வேண்டும். மறுநாள் நுரையும் வரும், வாசனையும் வரும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் என் நாத்தனார்.

உங்கள் ஸ்டேஷனில் இந்த மேசைமேல் இருக்கும் மருந்து பாட்டிலில் ஏன் ரப்பர் பேண்டு போட்டிருக்கிறது என்றுதான் முதலில் கேட்டீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன். நிதானமாகச் சொன்னால் உங்களுக்கே புரியும்.

எங்கள் வீட்டில் பாட்டில் என்றால் இடுப்பில் ஒரு ரப்பர் பேண்டு இருக்கும். இந்த வாரம் இதுவரைதான் இறங்கலாம் என்பதற்கு அடையாளம். வாரம் முடிவதற்குள் அதற்குக் கீழே இறங்கிவிட்டால், ரப்பர் வரைக்கும் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்க வேண்டும். பால், பினாயில், பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர், எல்லாவற்றுக்கும் இதே சட்டம். எண்ணெயிடம் மட்டும் அவள் ஜம்பம் பலிக்கவில்லை. "இதுக்குத்தான் ரொம்ப ரோஷம், தண்ணியோட சேர மாட்டேங்குது" என்பாள். எனக்கும் சிரிப்பு வரும். அதை நான் மறைக்க விரும்பவில்லை.

என் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அவர் தொலைதூர லாரி ஓட்டப் போனார். மாதத்தில் நாலைந்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள். நான் சலவைக் கடையில் இஸ்திரி போட்டேன். கணவனை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்ட நாத்தனார், சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள். என் மகளுக்கு ஏழு வயது.

கோடைக்காலத்தில் அந்த அறைகளில் இருக்க முடியாது. நாத்தனார் என் மகளைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போய்விடுவாள். அங்கே ஏசி உண்டு. டோக்கன் எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தால் யாரும் எழுப்ப மாட்டார்கள். எண்ணைக் கூப்பிட்டால் காது கேட்காததுபோல் இருந்துவிட்டு, வேறு டோக்கன் எடுத்துக்கொள்வாள். என் மகள் வீட்டுப்பாடம் எழுதியதெல்லாம் அங்கேதான். ஒருநாள் நானும் போயிருந்தேன்.

"அத்தை, நம்ம நம்பர் வந்துருச்சு."

"சத்தம் போடாதேடி. கூப்பிட்டுட்டுப் போகட்டும். நம்ம கணக்குல என்ன இருக்குன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா, ஃபேனைக்கூட அணைச்சிருவாங்க."

என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு அவள் மடியில் சாய்ந்து சிரித்தாள். என்னிடம் அவள் அப்படிச் சிரித்ததில்லை. நான் வேலையிலிருந்து வரும்போது என் மேல் சூட்டு வாடை வீசும், பேசவும் தெம்பு இருக்காது.

என்னை நாத்தனார் 'ஓட்டைக் கை' என்றுதான் கூப்பிடுவாள். பெயரைவிட அதுதான் அதிகம் காதில் விழுந்தது. "பாலை அப்படியே ஊத்துறியே, உங்கப்பா என்ன மாட்டுப் பண்ணையா வெச்சிருந்தாரு?" என்று கேட்பாள். என் மகளும் ஒருமுறை விளையாட்டாக "அம்மாவுக்கு ஓட்டைக் கை" என்றாள். குழந்தைதானே. நான் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

மழை தொடங்கிய மாதத்தில் என் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்றார் டாக்டர். பத்து நாளைக்கு மருந்து, இரண்டு பாட்டில், காய்ச்சல் விட்டாலும் நிறுத்தக் கூடாது. எங்களால் அன்றைக்கு ஒரு பாட்டில்தான் வாங்க முடிந்தது. அந்தப் பாட்டிலிலும் தண்ணீர் சேர்ந்தது. எட்டாம் நாள் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒன்பதாம் நாள் காலையில் வெறும் கையோடு திரும்பினோம்.

செய்தி கேட்டு என் கணவர் வந்தார். அலமாரியில் இருந்த பாட்டிலை எடுத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே இருந்தது தண்ணீராகத்தான் தெரிந்தது. அதன் இடுப்பில் இருந்த ரப்பரைப் பார்த்தார். பிறகு தன் அக்காவைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் வீட்டில் ரப்பர் போடுகிறவள் யார் என்று அவருக்கே தெரியும்.

நாத்தனார் என்னைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். பிறகு, "எல்லாம் என் பழக்கம்தான்டா" என்றாள். அதை ஒப்புதலாகத்தான் எடுத்துக்கொண்டேன். அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவளிடம் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் வங்கிக்குப் போவதையும் விட்டுவிட்டாள்.

மூன்று வருடம் போனது. நாத்தனாருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு குழறியது. அதோடு வலிப்பும் வந்தது. மாத்திரை தொண்டையில் இறங்கவில்லை என்பதால் வலிப்புக்குத் தண்ணீர் மருந்து கொடுத்தார்கள், காலை ஒரு கரண்டி, மாலை ஒரு கரண்டி. "உன்னை விட்டா அக்காவுக்கு யாரு இருக்கா?" என்று சொல்லிவிட்டு என் கணவர் லாரிக்குப் போய்விட்டார்.

நான் அவளை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். குளிப்பாட்டினேன், தலை வாரிவிட்டேன், புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்தேன். டயர் கடைக்காரர் மனைவி, "பெத்த மகள்கூட இப்படிப் பாக்க மாட்டா" என்றாள். மருந்தை ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் பாட்டிலை நான் தொடவில்லை. இரண்டாவது பாட்டிலுக்கு ரப்பர் போட்டேன். அவள் பார்க்கும்படியாகத்தான் போட்டேன். மருந்து இறங்க இறங்க, ரப்பர் வரைக்கும் தண்ணீர். ஆரஞ்சு நிறம் மெல்ல மெல்ல வெளுத்தது. ஒரு வாரம் கழித்து, கரண்டியில் கொடுத்ததை விழுங்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"தண்... தண்ணி."

"ஆமா அண்ணி. கொஞ்சம்தான். மாசக் கடைசி வரைக்கும் வரணும்ல?"

விழுங்கினாள். வேறு என்ன செய்வாள்?

அந்த வாரம் என் கணவர் வந்திருந்தார். மூன்று வருடத்துக்குப் பிறகு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் இடது கையைத் தூக்கி அலமாரியில் இருந்த பாட்டிலைக் காட்டினாள். திரும்பத் திரும்பக் காட்டினாள். நான் கதவருகில் நின்றிருந்தேன்.

"மருந்து வேணுமாக்கா?" என்று கேட்டு, அவரே எழுந்து போய் ஒரு கரண்டி ஊற்றி வந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு வாயைத் துடைத்துவிட்டார். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. தம்பி பேசிவிட்டான் என்ற சந்தோஷம் என்று அவர் நினைத்தார். அதன் பிறகு அவள் எதையும் காட்டவில்லை. கரண்டியைக் கொண்டுபோனால் வாயைத் திறந்தாள், அவ்வளவுதான்.

வலிப்பு முதலில் எப்போதாவது வந்தது. பிறகு தினமும் வந்தது. வரும்போதெல்லாம் டாக்டர் சொன்னபடி பக்கவாட்டில் திருப்பிவிடுவேன். கடைசி நாள் நடுப்பகலில் வந்தபோது நான் முன்னறையில் இருந்தேன். அவள் விட்ட பொத்தான் வேலையை நான்தான் எடுத்திருந்தேன். கட்டில் ஆடும் சத்தம் கேட்டது. கையில் இருந்த சட்டையை முடித்தேன். அடுத்ததை எடுத்தேன். நாலாவது சட்டையின் கழுத்துப் பொத்தானுக்கு முடிச்சுப் போடும்போது உள்ளே சத்தம் நின்றிருந்தது. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுத்தான் எழுந்து போனேன்.

பாட்டிலைக் கழுவி வைத்திருக்கலாம். தோன்றவில்லை. என் கணவர்தான் ரப்பரைப் பார்த்துவிட்டு அதை எடுத்து உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தார் என்று சொன்னீர்கள். அவருக்காக வருத்தப்படுகிறேன். ஒரு கரண்டி அவர் கையாலும் போனது இல்லையா.

இப்போது நீங்கள் திரும்பவும் அதையே கேட்கிறீர்கள். "குழந்தை மருந்துல தண்ணி கலந்ததை நீங்க பாத்தீங்களா? அவங்கதான் கலந்தாங்களா?"

சொல்கிறேன். எல்லாப் பாட்டிலுக்கும் ரப்பர் போடுகிறவள், மருந்துக்கு மட்டும் போட மாட்டாள். "அதுல மட்டும் கை வெச்சிராதே, அது வேற விஷயம்" என்று நான் அந்த வீட்டுக்கு வந்த புதிதிலேயே சொல்லியிருந்தாள். குழந்தையின் பாட்டிலுக்கு ரப்பர் போட்டதும் தண்ணீர் ஊற்றியதும் நான்தான். என் கையும் ஓட்டை இல்லை என்று ஒருமுறை காட்ட வேண்டியிருந்தது. குழந்தைக்கும் முதல் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியிருந்தது.

நாலாம் நாள் நாத்தனார் வாசற்படியில் வந்து நின்றாள். ஊசி அப்படியே ரவிக்கையில் குத்தியிருந்தது.

"மருந்து தீந்துருச்சான்னு சொல்லு. என் தோட்டை வித்துருவோம். என் காது மூளியா இருந்தா யாரு பாக்கப் போறாங்க?"

நான் பாட்டிலை அங்கிருந்தே தூக்கிக் காட்டினேன். "முக்கால் பாட்டில் இருக்கு அண்ணி."

அவள் முகம் மலர்ந்தது. "பரவாயில்லையே. இப்பத்தான் உனக்குக் குடும்பம் நடத்தத் தெரிஞ்சிருக்கு" என்றாள். கல்யாணமாகி அதுவரை ஒன்பது வருடத்தில் அவள் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இஸ்திரிப் பெட்டிகூடக் கனக்கவில்லை.

நாலு எட்டு எடுத்து வைத்து அவள் உள்ளே வந்திருக்கலாம். அந்தப் பாட்டிலை வாங்கி ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருக்கலாம். பாலில் எத்தனை கரண்டி தண்ணீர் என்று நாக்கிலேயே சொல்லிவிடுகிறவள். என்னை எதற்கும் நம்பாதவள், அன்றைக்கு மட்டும் நம்பிவிட்டுப் போனாள்.

அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.