அப்பாவுக்கு ஊதா அங்கி

வெல்வெட் துணியை உள்பக்கம் திருப்பித்தான் இஸ்திரி போட வேண்டும். மேல்பக்கம் போட்டால் பளபளப்பு செத்துவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் ஊதா அங்கிக்கு நான்தான் இஸ்திரி போட்டேன், சார். அறுபது தாண்டிய மனுஷருக்கு ஊதா அங்கி, மணிமாலை, நெற்றிப்பட்டை. கம்பெனி கொடுத்த வேஷம்.

எல்ட்ரிட்ஜ் பூன் யாரென்று சிகாகோவின் தென்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பகலில் இறைச்சித் தொழிற்சாலையில் மாடு வெட்டி, இரவில் மதுக்கடைகளில் எங்கள் கறுப்பு ஜனங்களின் சோகப்பாட்டான ப்ளூஸ் பாடி என்னைக் கல்லூரிக்கு அனுப்பியவர். மிசிசிப்பியிலிருந்து வந்த எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அவரைப் பற்றித்தான் ஆய்வு எழுதினேன், புத்தகமாக வரவிருந்தது. ஒரு நாற்காலி, ஒரு கிட்டார், ஓர் இனத்தின் துக்கம். அப்படித்தான் அவரை எழுதிவைத்திருந்தேன். பேராசிரியர்கள் கண்கலங்கினார்கள்.

பிறகு ராண்டல் வந்தான். இசைத்தட்டுக் கம்பெனி முதலாளியின் மகன். மூளையாக வளர வேண்டியதெல்லாம் முடியாக வளர்ந்துவிட்ட வெள்ளைக்காரப் பையன். போதை மாத்திரை தின்றுவிட்டுத் தலையாட்டும் பிள்ளைகளின் ராக் இசையில் அப்பாவின் பாட்டுகளை முக்கியெடுத்தான். காலால் மிதித்தால் கிட்டாரைப் பூனை மாதிரி கத்தவைக்கும் பெட்டி ஒன்றையும் கொடுத்தான். இசைத்தட்டு வெளிவந்ததும் பத்திரிகைகள் காறித் துப்பின. புத்தகத்தை இனி என்ன செய்வதாக உத்தேசம் என்று பேராசிரியர் என்னைச் சிரித்துக்கொண்டே கேட்டார்.

உங்களை வைத்து வேடிக்கை காட்டுகிறார்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் அந்தப் பெட்டியை மிதிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்கு இது புடிச்சிருக்கு கண்ணு. நாப்பது வருஷமா கிட்டார்ல அதே மூணு கார்டையே மீட்டி அழுதாச்சு. உன் ப்ரொபசருங்க அழுவணும்னா நான் காலம்பூரா செத்துக்கிட்டே இருக்கணுமா?"

அவரை யாரும் ஏமாற்றவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மன்னிக்க முடியாமல் போனது அதனால்தான்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பழைய ஆம்ப்ளிஃபயரின் பின்னால் சின்ன சுவிட்ச் இருக்கும். அது தப்பான பக்கம் இருந்தால் கிட்டார் கம்பியில் கரண்ட் ஏறும். மைக்கில் உதடு பட்டால் அடிக்கும். அதனால் பாடுவதற்கு முன் கம்பியை மைக்கில் தட்டிப் பார்ப்பார்கள். பொறி பறந்தால் சுவிட்சை மறுபக்கம் தள்ளுவார்கள். அப்பா அதை ஒருநாளும் தவறவிட்டதில்லை. ராண்டலின் மேடையிலோ புகைக்கு நடுவே சாமி மாதிரி எழுந்தருள வேண்டும். அதனால் அந்த வேலையை என்னிடம் விட்டிருந்தார்.

மதிய ஆட்டம். மண்டபம் நிறையப் பிள்ளைகள். கண்ணாடித் தட்டில் தண்ணீரும் எண்ணெயும் கலக்கி, விளக்கடித்துத் திரையில் வண்ணம் காட்டுகிறவர்கள் மேடையெல்லாம் தண்ணீரைச் சிந்தியிருந்தார்கள். அப்பா வெறுங்காலோடு நிற்க வேண்டும் என்பது ராண்டலின் யோசனை. துடைக்கிற துணி என் கையில்தான் இருந்தது. துடைக்கவில்லை. கம்பியைத் தட்டினேன். பொறி இல்லை, எல்லாம் ஒழுங்காக இருந்தது. சுவிட்சை மறுபக்கம் தள்ளிவிட்டு மறுபடி தட்டினேன். நீலமாகப் பறந்தது.

போன குளிர்காலத்தில் அதே ஆம்ப்ளிஃபயர் ஒரு மவுத்தார்கன்காரரைத் தூக்கியடித்து, ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தது. ஈரத்தில் வெறுங்காலோடு நின்றால் படுக்கை வரைக்கும் போகக்கூட உயிர் இருக்காது என்பது தெரியாதவள் இல்லை நான். சும்மா பயமுறுத்தி நாற்காலிக்குத் திருப்பப் பார்த்தேன் என்று உங்களிடம் சொல்லப் போவதில்லை.

"மைக்கு முத்தம் குடுக்குமா, கடிக்குமா?" என்று அப்பா திரைக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"முத்தந்தாம்ப்பா" என்றேன்.

முதல் வரியிலேயே விழுந்தார். கரண்ட் விடாத கிட்டார் மார்போடு கிடந்து துடித்தது. அதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று அந்த ஜென்மங்கள் கைதட்டின. நான் பக்கத்தில் போய்க் கையை நீட்டினேன். அதைப் பார்த்ததும் தலையை ஆட்டினார்.

"தொடாத கண்ணு. தள்ளிப் போ."

அந்தக் கோலத்தில் மகள் தன்னைப் பார்க்கிறாளே என்ற வெட்கம், சார். கடைசியிலாவது அவருக்குப் புரிந்தது.