பூட்டிய பேக்கப்

உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் இந்த நாற்காலி முதுகுக்கு இதமாக இருக்கிறது, ஐயா. ஆஸ்பத்திரிக் கணினி அறைக்கு இப்படியொன்று கேட்டுக் கேட்டே எனக்கு வாய் வலித்தது.

ஆஸ்பத்திரி என் அக்காள் கணவருடையது. வியாபாரக் குடும்பத்துக்கு மருமகனாக வந்தும் ஒரு பொருளைத் தட்டிப் பார்த்து வாங்கத் தெரியாத டாக்டர். நோயாளிகளின் விவரங்களைத் தினமும் பேக்கப் எடுத்து, அதை என்க்ரிப்ட் செய்து பூட்டி வைப்பது என் வேலை. எவன் திருடிப் போனாலும் பாஸ்வேர்டு இல்லாமல் ஓர் எழுத்தும் படிக்க முடியாது.

பூட்டுவது சுலபம், ஐயா. அதோடு குடும்பம் நடத்துவதுதான் கஷ்டம். காலையில் நோயாளிகள் வந்து குவிந்த பிறகும் பேக்கப் ஓடிக்கொண்டே இருக்கும், கணினிகள் ஊரும், ஆளாளுக்கு என்னைத் திட்டுவார்கள். பாஸ்வேர்டை அதே கணினியில் வைத்தால் பூட்டியதே வீண். என் தலைக்குள் மட்டும் வைத்தால், என்மேல் லாரி ஏறினால் எல்லாம் போச்சு. அதனால், நீங்களும் பாஸ்வேர்டைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஒருநாள் பேக்கப்பைத் திறந்து ஒத்திகை பார்ப்போம் என்று அத்தானிடம் கெஞ்சினேன். ஊழியர்கள் முன்னால் சிரித்தார்.

"மச்சான், பூட்டுக்கு ஒத்திகை பாக்கற ஆளு நீ ஒருத்தன்தான்யா. போய் பிரிண்டருக்கு மை ஊத்து."

போன வாரம், விவரங்கள் எல்லாம் இருந்த சர்வர் செத்தது. மிஞ்சியது பேக்கப் மட்டும். அந்த நேரம் பார்த்து எங்கள் பழைய நோயாளி ஒருத்தியை, நினைவில்லாமல், துணைக்கு ஆளில்லாமல் கொண்டுவந்தார்கள். அவள் உடம்புக்கு எந்த மருந்து ஆகாது என்பது பேக்கப்புக்குள் இருந்தது. அத்தான் மாடியை விட்டு இறங்கவில்லை; தலைமை நர்ஸை அனுப்பினார்.

"தம்பி, சீக்கிரம் தொறந்து குடுங்க. எந்த ஊசி போடறதுன்னே தெரியல."

பாஸ்வேர்டு மறந்துவிட்டது, யோசிக்கிறேன் என்றேன். மறக்கவில்லை. எங்கள் கடையில் பேரம் படியாவிட்டால் சரக்கை உள்ளே எடுத்து வைத்துவிடுவோம். வேண்டியவர் திரும்பி வருவார். அத்தான் இறங்கி வந்து ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்றிருந்தேன். நர்ஸ்தான் மறுபடி வந்தார். அழுதார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டேன்.

கடைசியில் குத்துமதிப்பாக ஓர் ஊசி போட்டார்கள். அவளுக்கு மூச்சு அடைத்த பிறகே அத்தான் ஓடிவந்து கேட்டார். உடனே திறந்து கொடுத்தேன். ஒத்திகை இல்லாமலே ஓர் எழுத்துப் பிசகாமல் திறந்தது. ஆகாத மருந்து முதல் வரியிலேயே இருந்தது. அதற்குள் அவள் போய்விட்டாள்.

கேட்டும் கொடுக்கவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. நர்ஸ் கேட்டார், வாஸ்தவம். ஆனால் கேட்க வேண்டியவர் அவர் இல்லையே.