அங்கணத்து அடைப்பு

— ஒடைக்க வேணாம் கொத்தனாரே. மூங்கில் பிளாச்ச விட்டு இன்னொருக்கா குத்திப் பாருங்க.

— குத்திக் குத்திக் கை விட்டுப்போச்சு, சிவகாமி ஆச்சி. புதுச் சல்லடைத் தகடு பதிச்சதுலேர்ந்து இந்த அடுப்படி அங்கணம் தண்ணி போகாம அடைக்கிறது இதோட நாலாவது தடவை. குழா முக்குல போயிப் பிளாச்சு நின்னுக்கிருது. உங்க வீட்டுச் செட்டியார் கடைக்குப் போறப்பவே சொல்லிட்டாக, சந்தனசாமி, நான் வாரதுக்குள்ள ஒடைச்சு என்னன்னு பாத்துருன்னு.

— அவுக சொல்லுவாக.

— செவுத்தத் தொட்டுப் பாருங்க. ஊறிப்போயிச் சுண்ணாம்பு கையோட வருது. ஐப்பசி மழைக்கு அடுப்படியே சரிஞ்சிரும். கேக்குறேன்னு கோவிச்சுக்காதீங்க ஆச்சி, அங்கணத்துல என்னதான் ஊத்துறீக?

— கழுவுன தண்ணி. வேற என்ன?

— சாம்பல்? புளிச்சக்கை?

— சாம்பல் போட்டு வெளக்குறதெல்லாம் கெணத்தடியில. சக்கை குப்பைக்குழிக்கு. வடிச்ச கஞ்சி மாட்டுத் தொட்டிக்கு. வெள்ளிக்கெழமை தவறாம வெந்நி கொதிக்கக் கொதிக்க ஊத்துறேன். நீங்க சொன்னதுல ஒண்ணு விடல.

— தகட்டு மேல நிக்கிற பருக்கை?

— கையால வழிச்சு எடுத்துர்றேன். ஒரு பருக்கை உள்ள போறதில்ல.

— அதான் எனக்குப் புரியல. கடுகு போற ஓட்டைதான் போட்டுருக்கேன். அதைத் தாண்டி எது போயி அடைக்குது? மொதல்லயே இப்பிடி ஒண்ணப் பதிச்சிருந்தேன்னா...

— அந்தப் பேச்சு வேணாம்.

— பேசாம எப்பிடி இருக்க? போன எலெக்சன் முடிஞ்ச மறுவாரம். தகடு இல்லாத அந்த ஓட்டை வழியாத்தானே கட்டுவிரியன் ஏறி வந்துச்சு. படுத்திருந்த உங்க புள்ளையக் கடிச்சிருச்சு. கொத்தனார்னு சொல்ல வாய் வராம, கொத்தா கொத்தான்னு என் பின்னாலயே திரியும் உமையா.

— கொத்தனாரே...

— தகட்டப் பதிச்ச மாதிரிதான் ஆச்சி எனக்கு ஞாபகம். ஆனா செட்டியார் வெளக்கப் புடிச்சுக் காமிச்சப்ப அங்க வெறும் ஓட்டை. அப்ப நாந்தான் மறந்திருக்கேன்னு எல்லார் முன்னாலயும் கும்பிட்டேன். அதுக்கப்புறம் திருமயம் சுத்துல ஒருத்தரும் என்னைய வேலைக்குக் கூப்புடல. நீ கட்டுனத நீயே பாருன்னு செட்டியார்தான் கூப்புடுறாக. வேலை போனா போகட்டும். மாசாமாசம் ஆவூர் மாதா கோயில்ல சாமியார் முன்னால முட்டிபோட்டுச் சொல்றேன், என் மறதி ஒரு புள்ளையக் கொன்னுருச்சுன்னு.

— சாமியார் என்ன சொல்றாரு?

— ஆண்டவர் மன்னிச்சாச்சுங்குறாரு. எனக்குத்தான் தூக்கம் வரல. தள்ளிக்கங்க ஆச்சி, சில்லு தெறிக்கும்.

— வேணாம், சொன்னாக் கேளுங்க...

— விரிஞ்சிருச்சு. இந்தா, துணிதான் அடைச்சுக் கெடக்கு. உள்ள என்னமோ சுத்தியிருக்கு. பச்சைச் சீட்டித் துணி. ஆச்சி, இது உமையா பாவாடையில்ல?

— பிரிக்காதீங்க.

— தகடு. ரெண்டா மடக்கியிருக்கு. மூலையில சிலுவை. எதைப் பதிச்சாலும் நான் கீறுற சிலுவை. மாதாவே. அப்ப நான் மறக்கல.

— நீங்க மறக்கல.

— பின்ன யாரு பேத்தெடுத்தது?

— நாந்தான். அன்னைக்கு வீட்டுல விருந்து. பருக்கை அடைச்சு அடுப்படி பூராத் தண்ணி. வழிச்சு வழிச்சு அலுத்துப் போயி, தோசைத்திருப்பியால நெம்பி எடுத்துட்டேன். சாயங்காலம் வச்சுருவோம்னு நெனச்சேன். வைக்கல. விடியக்காலம் புள்ளைய வெளிய தூக்கிட்டுப் போனாக. பயந்துபோயி, கையில கெடைச்ச பாவாடையில தகட்டச் சுத்திக் குழாக்குள்ள ஆழத் திணிச்சேன். பெறகு சொல்லிருவோம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீங்க கும்பிட்டுட்டீக.

— ஒண்ணரை வருசம், ஆச்சி.

— ஒவ்வொரு நாளும் எனக்குத் தெரியும்.

— அழுகாதீங்க. இத நான் துண்டுல முடிஞ்சு கொண்டு போயிர்றேன். தேங்கா நாரு அடைச்சிருந்துச்சுன்னு செட்டியார்கிட்டச் சொல்லிக்கிறேன். பெத்த மனசு, இதுக்கு மேல என்னத்தத் தாங்கும்? நான் மறக்கலைன்னு எனக்குத் தெரிஞ்சாப் போதும்.

— வேணாம். வாசல்ல செருப்புச் சத்தம் கேக்குது, அவுகதான். தகட்ட இங்கிட்டுக் குடுங்க. முட்டிபோட்டுச் சொல்ல எனக்குச் சாமியார் இல்ல கொத்தனாரே, அவுகதான் இருக்காக.